கிழக்குச் சரிவில் கம்பம் நடாதீர்கள்

எனக்கு எழுபது வயது நடக்கிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஆறு பேரும் ஆளாகி நிற்கிறார்கள். ஏழாவதாக ஒரு மண்மேட்டை வளர்த்தாய் என்று என் வீட்டுக்காரர் இருந்தவரை கேலி பேசுவார். அது வளரக் கூடாத பிள்ளை. இருக்கிற இடத்திலேயே, அசையாமல், கசியாமல் கிடக்க வேண்டிய பிள்ளை. இருபத்தேழு வருடம் அதைக் காபந்து பண்ணினேன். போன மாதம் அதே மேட்டின் கேட்டில் என்னை நிறுத்தி, "உள்ள விட பர்மிசன் இல்ல பாட்டி, நீங்க ரிட்டயர்டு" என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஆற அமரச் சொல்வேன். ஆனால் கோபத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொல்ல மாட்டேன்.

நிவேதா என்று ஒரு பெண். மேட்டைக் கவனிக்கிற அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற இஞ்சினியர். ஸ்கூட்டரில் என் வீடு தேடி வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டாள்.

"பாட்டி, கிழக்குச் சரிவுல ஒரு இடத்துல மட்டும் கல்லு கருநீலமா இருக்கே, ஏன்? பிளான்ல ஒண்ணுமே போடல."

"எதுக்குத்தா கேக்குற?"

"அங்கதான் கேமராக் கம்பம் நடப்போறாங்க. மேட்டுலயே உசரமான இடம் அதானாம். அஞ்சடிக்குக் குழி."

நான் எழுந்து செருப்பை மாட்டினேன். அவள் ஸ்கூட்டரிலேயே ஏறிப் போனேன். கேட்டில்தான் நிறுத்திவிட்டார்களே. நிவேதா அங்கிருந்தே மேலதிகாரிக்குப் போன் போட்டாள். அவர் பேசியது எனக்கும் கேட்டது. "பிளான்ல மேடு பூரா ஆள் உயரத்துக்குக் களிமண் இருக்குன்னு இருக்கும்மா. அஞ்சடி தோண்டினா ஒண்ணும் ஆகாது. பழைய ஆளுங்க ஏதாவது சொல்லிக்கிட்டுத்தான் இருப்பாங்க. வேணும்னா அனுபவத்தை எழுதித் தரச் சொல்லு, ஆண்டு மலர்ல போடலாம்."

போடுங்கள். மலரில் வருவதற்கு முன்னால் நிவேதா இதை அவர் மேசையில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். குழி தோண்ட அடுத்த வாரம் ஆள் வருகிறதாம்.

மதுரையிலிருந்து தெற்கே போகிற நான்குவழிச் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். எங்களுக்கு அப்போது சொந்தமாகக் காணி கிடையாது. களை எடுப்பது, கதிர் அறுப்பது, அடுத்தவர் வயலில்தான் எல்லாம். ஊருக்குக் கிழக்கே ஒரு கம்பெனி இருந்தது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் தலையில் சுமந்து போவார்களே காஸ் லைட்டு, அதற்குள் வெள்ளையாய்த் துணிப்பை மாதிரி ஒன்று நின்று எரியுமே, அந்த மேண்டில் செய்கிற கம்பெனி. அந்தத் துணியை நனைக்கிற மருந்தைக் கடற்கரை மணலிலிருந்து எடுத்தார்கள். எடுத்தது போக மிஞ்சிய சாம்பல் நிறச் சேற்றைப் பின்பக்கம் குழியில் கொட்டினார்கள். ஜெனரேட்டரும் டியூப்லைட்டும் வந்த பிறகு காஸ் லைட்டு யாருக்கு வேண்டும்? கம்பெனி பூட்டிக்கொண்டது. முதலாளி போன இடம் தெரியவில்லை. சேறு காய்ந்து புழுதியாகி, ஆடிக் காற்றில் ஊருக்குள் வந்தது. எங்கள் பிள்ளைகள் அந்தச் சாம்பல் குவியலில் சறுக்கி விளையாடின. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் வரவும் இல்லை.

பிறகு கையில் மீட்டரோடு ஆட்கள் வந்தார்கள். கதிர் வருகிறது என்றார்கள். கண்ணுக்குத் தெரியாதாம், மணக்காதாம், சுடாதாம். வேறு எங்காவது கொண்டுபோய்க் கொட்டலாம் என்றால் எந்த ஊர் வாங்கும்? சிதறிக் கிடந்ததை எல்லாம் ஒரே குழியில் சேர்த்து மூடினார்கள். கழிவுக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்குக் கண்மாய்க் களிமண், அடுக்கடுக்காகக் கொட்டி, நனைத்து, ரோலர் விட்டு இறுக்க வேண்டும். அதற்கு மேல் சரளை. அதற்கு மேல் முழங்கை உயரம் செம்மண். அதற்கு மேல் அருகம்புல். லாரி ஏற முடியாத சரிவுகளில் கூடையில் மண் சுமந்தவர்களில் நான் ஒருத்தி. வேலை முடிந்ததும் கண்ட்ராக்டர் சிபாரிசில் எனக்கு மேட்டுக் காவல் கிடைத்தது. எங்கள் தெருவில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் பொம்பளை நான்தான்.

வேலையைக் கற்றுக் கொடுத்தவர் சந்தானம் சார். வடக்கே யுரேனியச் சுரங்கங்களில், மூடிய கழிவு மேடுகளிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர். "இது யுரேனியத்தோட பங்காளிம்மா, தோரியம்னு பேரு. குணம் ஒண்ணுதான். நாம செத்து, எரிச்ச சாம்பல் கரைஞ்சு போன பிறகும் இது இப்படியே இருக்கும்" என்றார். என்னை விட மூத்தவர், படித்தவர், ஆனாலும் கடைசிவரை என்னை 'நீங்க' என்றுதான் சொன்னார். அதுவரை என்னை அப்படிக் கூப்பிட்ட ஆபீசர் யாரும் இல்லை.

மாதம் ஒரு முறை வருவார். கறுப்புக் குடை, தோளில் ஒரு பை. கேட்டில் நின்று "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்க மாட்டார். "நீங்க முன்னால நடங்க" என்பார். நான் நடப்பேன், அவர் பின்னால் வருவார். மேட்டில் ஒன்பது வரிசை, உழுகிற மாதிரி போய்ப் போய்த் திரும்ப வேண்டும். நான் நின்ற இடத்தில் அவரும் நின்று பார்ப்பார். நான் கவனிக்காமல் கடந்த இடத்தில் அவர் கண்ணுக்கு எதுவும் பட்டால் கூப்பிட மாட்டார். குடையை ஊன்றிக்கொண்டு அங்கேயே நிற்பார். பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லையே என்று நானாகத் திரும்பிப் போக வேண்டும். போய்ப் பார்த்தால் ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு வெடிப்பு இருக்கும். ஒரு வார்த்தை பேச மாட்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

பார்க்க வேண்டியது ஐந்து: வெடிப்பு, பொந்து, ஈரம், செடி, தடம். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எண் தெரியும், பஸ்ஸில் ஊர்ப் பெயரைக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் எழுத்து ஏறவில்லை. அதனால் நானாகவே குறி வைத்துக்கொண்டேன். வெடிப்புக்கு ஒரு கோடு, பொந்துக்கு வட்டம், ஈரத்துக்கு மூன்று புள்ளி, செடிக்கு ஒரு கவட்டை, தடத்துக்கு ஒரு கால். ஒரு பக்கம் முழுக்க மேட்டை வரைந்து, கண்ட இடத்தில் குறியைப் போட்டு, பக்கத்தில் எல்லைக்கல்லிலிருந்து எத்தனை எட்டு நடந்தேன் என்று எண் போடுவேன். சார் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத என் ஆபீஸ்ல இருக்கிறவனுக்கு யாராவது கத்துக் குடுத்தா தேவல" என்றார்.

மேட்டைச் சுற்றி நாலு குழாய்க் கிணறு. கழிவு கீழே இறங்கித் தண்ணீரில் கலக்கிறதா என்று பார்ப்பதற்கு. நூலில் குண்டு கட்டி இறக்கி நீர்மட்டம் பார்ப்பேன். பாட்டிலில் தண்ணீர் மொண்டு, முதல் கிணற்றுப் பாட்டில் கழுத்தில் ஒரு முடிச்சு நூல், இரண்டாவதில் இரண்டு முடிச்சு என்று கட்டி அனுப்புவேன். இருபத்தேழு வருடத்தில் ஒரு பாட்டிலும் மாறிப் போனதில்லை. எழுதி ஒட்டியவர்கள் மாற்றி ஒட்டியது எனக்குத் தெரியும்.

"இத எம்புட்டு நாளைக்கு சார் பாக்கணும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உங்க பேத்திக்குப் பேத்தி பாக்கணும். அவளோட பேத்தியும் பாக்கணும்."

"அம்புட்டு நாளைக்கு ஆபீசு இருக்குமா?"

சிரித்தார். "எனக்கும் அதாம்மா கவலை."

வேறு இடத்தில் மரம் வைத்தால் புண்ணியம். மேட்டில் மரம் முளைத்தால் ஆபத்து. வேர் களிமண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கும், அந்த வழியாக மழைத்தண்ணீரும் இறங்கும். சீமைக்கருவேலம் இருக்கிறதே, விரல் உயரம் மேலே தெரிந்தால் கீழே முழ நீளத்துக்கு ஆணிவேர் போயிருக்கும். அதன் விதையைக் கொண்டு வருவது ஆடு. காயைத் தின்னும், மேட்டில் ஏறிப் புழுக்கை போடும், மழை பெய்தால் முளைக்கும். ஆட்டை விரட்டினால் ஊரே சண்டைக்கு வந்தது. முதலில் வந்தது என் கொழுந்தன்.

"ஏ மதினி, புல்லு ஒனக்காகவா மொளச்சிருக்கு? ரெண்டு வாய் கடிச்சா மேடு சாஞ்சிருமா?"

"கடிச்சா சாயாது. பின்னால போடுது பாரு, அதுல சாயும்."

"அடேயப்பா! ஆட்டுப் புழுக்க பொறுக்கக் கவருமெண்டு உத்தியோகம் குடுத்திருக்காய்ங்கடா!"

அன்றிலிருந்து எனக்குப் புழுக்கை ஆபீசர் என்று பெயர். டீக்கடையில், ரேஷன் கடையில், கோயில் வாசலில், எங்கே போனாலும் "ஆபீசரம்மா வாராக, வழி விடுங்கப்பா" என்பார்கள். நான் நிமிர்ந்து நடந்து போவேன். கேலி பண்ணியவர்கள் குடித்த தண்ணீரைத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது புற்று விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பதாவது வருடம். திருப்பூரில் என் மூத்த மருமகளுக்குப் பேறுகாலம் பார்க்க மூன்று வாரம் போயிருந்தேன். எனக்குப் பதிலாக நின்ற ஆள் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே தவிர மேட்டில் ஏறவில்லை. திரும்பி வந்து பார்த்தால் வேலி ஓரத்தில் கம்பியை விலக்கி ஒரு பாதை. கிழக்குச் சரிவில் முழங்கால் உயரத்துக்குக் கறையான் புற்று. அதற்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, முட்டை உடைத்து, பால் ஊற்றி, வளையல் அடுக்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் புற்று எழும்பினால் அது ஆத்தா. துணி கட்டிவிட்டால் பிறகு அதை யாரும் தொட முடியாது.

கும்பிட்டுப் போனால் எனக்கு என்ன? நானும் கும்பிடுகிறவள்தான். என் கண் போனது புற்றின் நிறத்துக்கு. எங்கள் மேட்டின் மேல்மண் செம்மண். அதற்குக் கீழே களிமண், கறுப்பு. புற்று சிவப்பாகவும் இல்லை, கறுப்பாகவும் இல்லை. சாம்பல் நிறத்தில் இருந்தது. கறையான் எந்த ஆழத்துக்குப் போகிறதோ அந்த ஆழத்து மண்ணைத்தான் மேலே கொண்டு வரும்.

அந்த மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டிருந்தார்கள். கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தண்ணீரில் கரைத்து நாக்கில் தடவினார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிட்டிகை விழுங்கினார்கள். அதில் என் மகள் வள்ளியும் ஒருத்தி. கட்டிக் கொடுத்து ஐந்து வருடம், வயிறு திறக்கவில்லை. பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள். புற்றுக்குத் துணி கட்டியது என் அண்ணன் பெண்சாதி ராக்காயி மதினி. வள்ளியைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவளும் அவள்தான்.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "சாமி விசயம், நீங்க கைய வைக்காதீங்க. மேல லெட்டர் போட்டிருக்கு" என்றார்கள். சந்தானம் சாருக்குச் சொன்னேன். மறுநாளே வந்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. முப்பது பொம்பளைகள் இருந்தார்கள்.

"அம்மா, சாமியப் பத்திப் பேச நான் வரல. மண்ணப் பத்திப் பேச வந்திருக்கேன்" என்று பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். பையிலிருந்து மீட்டரை எடுத்தார். வேலிப் பக்கம் வைத்துக் காட்டினார். எப்போதாவது ஒன்று, டிக் என்றது. புற்றுப் பக்கம் கொண்டு போனார். டிக்டிக்டிக் என்று பொரிகடலை வறுபடுகிற மாதிரி சத்தம் போட்டது.

பொம்பளைகள் நெருக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். பிறகு ராக்காயி மதினி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"பாத்தீகளாடி! ஆத்தா பேசுறாடி!"

குலவை கிளம்பியது. ஒருத்திக்கு அருள் வந்துவிட்டது. இன்னொருத்தி சார் காலில் விழுந்தாள். "ஐயா, எங்கிட்ட ஒரு தடவ மிசினக் காட்டுங்க சாமி, எனக்கு என்ன சொல்றான்னு கேளுங்க" என்று அழுதாள். அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் வந்தது. கவர்மெண்டு மிசினே சாட்சி சொன்ன ஆத்தா என்று பெயராகிவிட்டது.

அன்று திரும்பி நடக்கையில் சார் குடையை விரிக்கவே இல்லை. வெயில் தலையில் இறங்கியது. "தப்புப் பண்ணிட்டேன்மா. மீட்டர எடுத்திருக்கக் கூடாது. அகற்றச் சொல்லி ஆர்டர் வாங்கணும், மூணு மாசம் ஆகும்" என்றார். பிறகு கேட்டார், "ஆள் உயரக் களிமண்ணத் தாண்டிக் கறையான் எப்படிம்மா போச்சு? அதுவும் இங்க மட்டும்?"

சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. "சார், அங்க களிமண்ணு இல்ல" என்றேன்.

வேலை முடிகிற வாரம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கண்மாயில் தண்ணீர் ஏறிவிட்டது, களிமண் வெட்ட முடியவில்லை. மழைக்கு முன்னால் மூடிவிட வேண்டும் என்று கண்ட்ராக்டர் கிழக்குச் சரிவில் செங்கல் காளவாசல் சாம்பலையும் உடைந்த செங்கலையும் கொட்டி, மேலே மட்டும் முழங்கால் உயரத்துக்குக் களிமண்ணைப் பூசி மறைத்தான். அந்தச் செங்கலைக் கூடையில் சுமந்தது நான். நான் பார்த்துவிட்டதை அவன் கண்டுகொண்டான். "பாத்தத பாத்த எடத்துலயே விட்டுட்டுப் போ பேச்சி. காவல் வேலைக்கு ஒம் பேரத்தான் சொல்லியிருக்கேன்" என்றான். ஆறு பிள்ளைகள் வீட்டில். வாயை மூடிக்கொண்டேன். அவன்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. என்மேலும் தீரவில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒம்பது வருசமா உங்க பின்னால நடக்கிறேன். அந்த எடத்துல ஒரு தடவகூட நீங்க நின்னதில்ல" என்றார்.

பஸ் வரும்வரை இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூன்று மாதம் என்றால் எத்தனை வெள்ளிக்கிழமை? எத்தனை பிள்ளைகள் நாக்கில் அந்த மண்? ஆர்டர் வரட்டும் என்று என்னால் இருக்க முடியவில்லை. வெளியூர் ஆட்களும் வந்த அந்த வெள்ளி காலை, பத்து மணி வெயிலில், எல்லோரும் கூடியிருக்கும்போதே போனேன். ஒளிந்து போய் இடித்தால் திருட்டு. தலைக்குக் குளித்து, ஒரு செம்புப் பால் கொண்டு போய் முதலில் நான் ஊற்றினேன். விழுந்து கும்பிட்டேன். "தாயி, நீ இங்க இருக்க வேணாம், இது ஒனக்கான எடமில்ல, வேற எடம் பாத்துக்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கொண்டு போயிருந்த கடப்பாரையை எடுத்தேன்.

"ஏய் பேச்சி! என்னடி செய்யப்போற?" என்றாள் மதினி.

"தள்ளி நில்லு மதினி. புழுதி படும்."

முதல் குத்திலேயே மேல்பாதி சரிந்தது. உள்ளே பாம்பு இல்லை. கறையான் வெள்ளை வெள்ளையாய்க் கொட்டியது. சாம்பல் மண் என் கால்வரை உருண்டது. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு குத்தினேன். ஒருத்தி மண்ணை வாரி என்மேல் தூற்றினாள். "ஒன் வம்சம் வெளங்காது" என்றாள் மதினி, என் அண்ணன் வம்சமும் அதில் சேர்த்தி என்பதை மறந்துவிட்டு. எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. ஆனால் வள்ளி நின்றுகொண்டிருந்தாள். முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது.

"அதுல என்னத்தா வச்சிருக்க? அவுத்துக் காட்டு" என்றேன்.

"மாட்டேன்."

"வள்ளி, அது விசமுத்தா. அம்மா சொல்றத கேளு. அவுத்துக் கீழ கொட்டு."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே, அதிலிருந்த மண் முழுவதையும் வாயில் போட்டு விழுங்கினாள். ஒரு சிட்டிகை இல்லை, ஒரு கை மண். அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

வள்ளிக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். புற்று கொடுத்தது என்கிறாள். அந்த ஒரு கை மண் அவள் உடம்பில் என்ன செய்தது, செய்யவில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்டால் எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. அவள் இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும். இன்றைக்கும் என் வீட்டு வாசல்வரை வருவாள், பேசுவாள், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

அனுமதி இல்லாமல் இடித்ததற்காக அலுவலகம் என்னை ஒரு மாதம் வெளியே நிறுத்தியது. சந்தானம் சார் சண்டை போட்டுத் திரும்பச் சேர்த்தார். அந்தக் கோடையில் கண்மாய் வற்றியதும் கிழக்குச் சரிவை நாங்கள் சரி செய்தோம். செங்கலையும் சாம்பலையும் அள்ளினால் அடியில் கழிவு குவியலாக மேலேறி நின்றது. அதைக் கிளறினால் புழுதி கிளம்பும் என்று சார் அதன்மேலேயே களிமண்ணைப் போர்த்தச் சொன்னார். இடுப்பு உயரத்துக்கு, காலால் மிதித்து, நனைத்து, திமிசுக் கட்டையால் அடித்து இறுக்கினோம். அதனால்தான் அந்த இடம் மற்ற இடத்தைவிட உயரம். கம்பம் நட வாகான உயரம் என்று நீங்கள் நினைக்கிறீர்களே, அந்த உயரமே அங்கே கழிவு மேலாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஐந்தடி தோண்டினால் களிமண் முடிந்து கழிவுக்குள் போய்விடும். மேலே சார் கருநீலக் கல்லைப் பரப்பச் சொன்னார். "ஏன் சார் வேற கல்லு?" என்றேன். "யாராவது பாத்து ஏன்னு கேக்கணும்மா. கேட்டாத்தான் தோண்டாம இருப்பாங்க" என்றார்.

கல் தன் வேலையைச் செய்துவிட்டது. நிவேதா கேட்டாள். கேட்ட பிறகும் தோண்டுவேன் என்கிற மனிதருக்கு எந்தக் கல்லைப் பரப்புவது?

பிளானை மாற்றி வரையச் சொல்லி சார் எழுதி எழுதிப் பார்த்தார். மாற்றினால் முதலில் சரியாக மூடியிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவர் மாட்டிக்கொள்வார். அதனால் மாற்றவில்லை. சார் ஓய்வு பெற்றுப் போனார், இப்போது உயிரோடும் இல்லை. அவர் எழுதிய கடிதங்கள் போன இடம் தெரியவில்லை. கிழக்குச் சரிவைப் பற்றிய குறிப்பு மிஞ்சியிருந்தது ஒரே இடத்தில்தான். என் நோட்டில். வருடத்துக்கு ஒன்றாக இருபத்தேழு நோட்டு. நான் ஓய்வு பெற்ற அன்று எல்லாவற்றையும் வரிசையாகக் கட்டி ஒப்படைத்தேன். அப்போதிருந்த ஆபீசர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, கோல நோட்டா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். போன் வந்தது, எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்களாம். எழுத்து இல்லாததால் என் நோட்டை ஏற்றவில்லை, பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிட்டார்கள் என்று நிவேதா தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

எனக்குப் பிறகு கேட்டில் உட்கார ஆள் உண்டு, மேட்டில் நடந்து பார்க்க ஆள் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண்ட்ராக்ட் ஆள் வந்து மெஷினில் புல்லை வெட்டிவிட்டுப் போகிறான். இப்போது கேமரா. கேமரா நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது குனிந்து பார்க்குமா? ஈரத்தைக் காலால் உணருமா? வேலியைத் தாண்டி வருகிற மதினியிடம் வாய்ச்சண்டை போடுமா? என் வேலையை எடுத்துக்கொண்டு போகிற அந்தக் கம்பத்துக்கு, மேடு முழுக்க இடம் இருக்க, நான் ஒன்பது வருடம் வாயை மூடிப் பிறகு வாயைத் திறந்து சரி செய்த அதே இடம்தான் கிடைத்ததா?

ஐயா, மேலதிகாரி அவர்களே. உங்களுக்கு என் வயதில் பாதி இருக்கும். நீங்கள் ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மேட்டில் ஒன்பது வரிசையும் நடந்து பாருங்கள். நடக்க முடியாதென்றால் இதையாவது குறித்துக்கொள்ளுங்கள். நோட்டு போய்விட்டது, ஆனால் எண் என் காலில் இருக்கிறது. வடகிழக்கு எல்லைக்கல்லில் முதுகை வைத்துத் தெற்கே பார்த்து நில்லுங்கள். வேலியை ஒட்டியே முப்பத்தெட்டு எட்டு. அங்கிருந்து மேற்கே மேட்டில் ஏறிப் பதினாறு எட்டு. அதுதான் நடுப்புள்ளி. அதைச் சுற்றி எந்தப் பக்கமும் பன்னிரண்டு எட்டுக்குள் கடப்பாரை படக் கூடாது. எட்டு என்றால் என் எட்டு. நெட்டையான ஆள் நடந்தால் கணக்கு தப்பும். அதனால் குழி தோண்டுகிற அன்று என்னைக் கூப்பிடுங்கள், நான் நடந்து காட்டுகிறேன். கூப்பிடாவிட்டாலும் வருவேன். கேட்டுக்கு வெளியே நிற்பேன். உங்கள் பர்மிசன் கேட்டோடு முடிகிறது. ரோடு ஊருக்குச் சொந்தம்.

இவ்வளவுதான். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதியது என் இளைய மகனின் பெண் கயல்விழி. பதினொன்றாவது படிக்கிறாள். கை வலிக்கிறது என்று உதறிக்கொண்டிருக்கிறாள்.

"கயலு, அந்தக் கண்ட்ராக்டர நான் திட்டுனத எழுதுனியா?"

"அத எப்படி அப்பத்தா எழுதுறது? ஆண்டு மலர்ல போட மாட்டாங்க."

"சரி, அது கெடக்கட்டும். எண்ண மாத்தலையே?"

"இல்ல அப்பத்தா. நீ சொன்னதத்தான் எழுதியிருக்கேன்."

"முப்பத்தெட்டுன்னுதான எழுதுன, முப்பத்தாறுன்னு இல்லையே? எண்ணா எழுதாத, எழுத்தால எழுது, ஒருத்தனும் திருத்த முடியாது. எங்க, கல்லுலருந்து ஆரம்பிச்சு மெதுவா வாசி. நான் நடந்துக்கிட்டே கேக்குறேன்."